பட்டறைக்காரர் எந்த வாசலைத் தட்டுவார்?

தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அப்போது சிற்றூர்களில் ஒரு தொழில் மளமளவென்று வளர்ந்தது: இன்வெர்ட்டர் கட்டுவது. காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கம் மாதிரி ஊர்களில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று பார்த்துத்தான் மாவு அரைத்தார்கள், மோட்டார் போட்டார்கள், பிள்ளைகளைப் படிக்க உட்காரவைத்தார்கள். பெரிய கம்பெனி இன்வெர்ட்டர் வாங்கக் கையில் காசில்லாதவர்கள், பக்கத்து டவுனில் ரேடியோ மெக்கானிக்கையோ மோட்டார் வைண்டிங் கடைக்காரரையோ தேடிப் போனார்கள். அவர் டிரான்ஸ்ஃபார்மரைத் தானே சுற்றி, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்த போர்டை மாட்டி, தகரப் பெட்டியில் அடைத்துக் கொடுத்தார். பெரும்பாலும் ஓடியது. சில வீடுகளில் புகைந்தது.

அதே 2012-இல்தான் ஒன்றிய அரசு மின்னணுப் பொருட்களுக்குக் கட்டாயப் பதிவு ஆணையைக் கொண்டுவந்தது. முதலில் லேப்டாப், டிவி, பிரிண்டர் என்று 15 பொருட்கள். 2014 நவம்பரில் வந்த அடுத்த பட்டியலில் செல்போன், பவர் பேங்க், எல்.இ.டி. பல்பு ஆகியவற்றோடு சிறிய ரக இன்வெர்ட்டரும் சேர்ந்தது. அது நடைமுறைக்கு வந்தது முதல், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவு எண் இல்லாத இன்வெர்ட்டரைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். 2016-ஆம் ஆண்டின் பி.ஐ.எஸ். சட்டப்படி முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சத்துக்குக் குறையாத அபராதம். நம் வைண்டிங் கடைக்காரருக்கு இது எப்போது தெரிந்திருக்கும்? யாரோ ஒருவர் வந்து மிரட்டிய அன்றைக்கு.

இந்தச் சட்டங்கள் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. கூரை வீட்டுக்குள் பேட்டரியோடு ஓடுகிற ஒரு பெட்டி பற்றி எரியாமல் இருக்க வேண்டும் என்று அரசு கேட்பதில் என்ன தவறு? என் கேள்வி வேறு. சட்டத்தைப் போட்டவர்கள், அதன்படி நடக்க விரும்புகிற சிறு தயாரிப்பாளர் யாரிடம் போய் நிற்பார் என்று யோசித்தார்களா என்பதுதான். அந்த இடத்தை ஏஜென்டுகளுக்கு விட்டுவிட்டார்கள் என்பது என் குற்றச்சாட்டு.

சாலவாக்கத்தைத் தற்செயலாக எடுக்கவில்லை. பாலாற்றுக்குத் தெற்கே, திருமுக்கூடல் பாலத்தைத் தாண்டினால் வருகிற பகுதி இது. ஏரிப்பாசன நெல்லும், கல்குவாரியும், கல்லும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் கிளப்பும் புழுதியும்தான் வெளியூர்க்காரர் கண்ணில் படும். ஆனால் இந்த மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளைகள் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போவது ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும். தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2024–25-இல் 1,465 கோடி டாலர். நாட்டிலேயே முதலிடம். அந்தத் தொகையில் பெரும்பங்கு காஞ்சிபுரம் மாவட்டமும் அதைச் சுற்றிய தொழிற்பேட்டைகளும் சம்பாதித்துக் கொடுத்தது. செல்போனை உள்ளும் புறமும் அறிந்த கைகள் இந்த ஊர்களில் இருக்கின்றன. 2006-இல் வந்து 2014 நவம்பரில் மூடிய நோக்கியா ஆலை, அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான கைகளை வீட்டுக்கு அனுப்பியதையும் இந்த மாவட்டம் பார்த்தது. அவர்களில் எத்தனை பேர் சொந்தப் பட்டறை போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரகடத்தில் பத்து வருடம் லைனில் நின்ற சாலவாக்கத்து டிப்ளமோ பையன் ஒருவன், ஊரிலேயே இன்வெர்ட்டர் பட்டறை போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். முறையாகவே செய்ய நினைக்கிறான். முதலில் ஐ.எஸ். 16242 என்ற தரநிலை ஆவணத்தைப் படிக்க வேண்டும். அது ஆங்கிலத்தில் இருக்கும். அதன்படி ஒரு மாதிரி செய்து, அமைவனம் அங்கீகரித்த சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். காப்பு தாங்குமா, மின்கசிவு எவ்வளவு, உள்ளே சூடு எவ்வளவு ஏறுகிறது, ஃபேன் நின்றுபோனால் என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள். தேறாவிட்டால் கட்டிய பணம் போனதுதான். தேறினால் அந்த அறிக்கையோடு 90 நாளுக்குள் போர்ட்டலில் விண்ணப்பம் ஏற்ற வேண்டும். பதிவு இரண்டு ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஒரு பிராண்டுக்கு ஒரு பதிவு, ஒரு இடத்துக்கு ஒரு பதிவு. தம்பி பேரில் இன்னொரு பிராண்ட் போட்டால் அதற்குத் தனியாக எல்லாம் முதலிலிருந்து.

இதுவரைகூடப் பரவாயில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான். சோதனைக்குப் போன பெட்டியில் என்ன டிரான்ஸ்ஃபார்மர், என்ன மாஸ்ஃபெட், என்ன ஃபியூஸ், எந்தக் கம்பெனி ஒயர் என்று முக்கியப் பாகங்களின் பட்டியல் அறிக்கையிலேயே இருக்கும். ரிச்சி தெருவில் அடுத்த மாதம் அதே மாஸ்ஃபெட் கிடைக்காது. ‘இதுவும் அதே ரேட்டிங்தாம்பா, மாட்டிக்கோ’ என்று கடைக்காரர் வேறொன்றை எடுத்துக் கொடுப்பார். மாட்டினால் இன்வெர்ட்டர் ஓடும். ஆனால் பதிவு பெற்ற பொருளும் விற்கிற பொருளும் வேறுவேறாகிவிடும். பெரிய கம்பெனி ஆறு மாதச் சரக்கை முன்கூட்டியே ஆர்டர் போட்டு வைக்கும். பட்டறைக்காரர் சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய்த் திங்கட்கிழமைக்கு வேண்டியதை வாங்கி வருகிறவர். தரநிலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதைக் கடைப்பிடிக்கிற செலவு ஒன்றல்ல.

சால்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்கழிவு விதிகள் மின்னணுப் பொருளில் ஈயம், பாதரசம் போன்றவை எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கின்றன. காட்மியத்துக்கு 0.01. பொருள் முழுவதையும் சேர்த்து நிறுத்துக் கணக்கிடக் கூடாது, அதில் உள்ள ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அதாவது ஒரு சால்டர் பொட்டு தனியாக. கடைகளில் காலங்காலமாக விற்கிற 60/40 சால்டரில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஈயம்தான். அது 183 டிகிரியில் உருகத் தொடங்கி வெண்ணெய் மாதிரி ஓடும், பளபளவென்று உட்காரும். ஈயமில்லாத சால்டர் 217 டிகிரி கேட்கும். பழைய சால்டரிங் அயர்ன் தாங்காது, ஒட்டிய இடம் மங்கலாகத் தெரியும், பழகாத கை ‘சரியா ஒட்டலையோ’ என்று திரும்பத் திரும்பச் சூடு காட்டி போர்டையே கெடுத்துவிடும். ஒரகடத்தில் லைனில் நின்ற பையனுக்கு இது தெரியும். டவுனில் முப்பது வருடமாக ரேடியோ பழுது பார்க்கிறவருக்கு யாரும் சொல்லவில்லை. இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளை யார் ஏற்பாடு செய்வது என்பதற்குத்தான் ஆளில்லை.

ஆளில்லாத இடத்தில் கன்சல்டன்ட் வருகிறார். ‘பி.ஐ.எஸ்., இ.பி.ஆர்., எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம் சார், நீங்க சாம்பிள் மட்டும் கொடுங்க.’ இவர்களில் விஷயம் தெரிந்த பொறியாளர்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் இந்தத் தொழிலின் கூலி தாளுக்குத்தான். பதிவு எண் வந்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. மாதிரிக்கென்று தனியாக நல்ல பாகங்கள் போட்டு ஒரு பெட்டி கட்டி அனுப்பச் சொல்கிற ஆலோசனையும் இந்த வட்டாரத்தில்தான் பிறக்கிறது. பட்டறைக்காரர் விதி எதையும் கற்றுக்கொள்வதில்லை. விதியைத் தாண்டிவர யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்கிறார்.

தாள் மட்டும் விலைபோகிற சந்தையில் என்ன நடக்கும் என்பதற்கு வெளியே தேட வேண்டாம். பிளாஸ்டிக் கழிவுக்கும் இதே மாதிரி உற்பத்தியாளர் பொறுப்புச் (இ.பி.ஆர்.) சான்றிதழ் முறை இருக்கிறது. 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தணிக்கை செய்தபோது, குஜராத், மகாராஷ்டிரா, கர்நாடகாவைச் சேர்ந்த நான்கே நான்கு மறுசுழற்சி நிறுவனங்கள் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியிருந்தது வெளிவந்தது. சுழலாத பிளாஸ்டிக்குக்குச் சுழன்றதாகச் சான்று. அதை வாங்கியவர்கள் விதியைக் கடைப்பிடித்தவர்களாகக் கணக்கில் இருந்தார்கள்.

மின்கழிவுக்கு வருவோம். 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், முன்பு 21 வகைப் பொருட்களுக்கு இருந்த பொறுப்பை 106 வகைகளுக்கு விரித்தன. இன்வெர்ட்டரும் அதில் உண்டு. இந்தப் பொறுப்பின் கணக்கு இப்படி: ஒரு பொருளுக்குச் சராசரி ஆயுள் என்று ஒன்று குறித்திருக்கிறார்கள். செல்போனுக்கு 5 வருடம், ஃபிரிட்ஜுக்கு 10 வருடம். அத்தனை வருடத்துக்கு முன்பு விற்ற எடையில் 2025–26-இல் 70 சதவீதத்துக்கு மறுசுழற்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும். 2027–28 முதல் 80. புதிதாக விற்கத் தொடங்கியவர் என்றால், இரண்டு வருடத்துக்கு முந்தைய விற்பனையில் 20 சதவீதம். சான்றிதழைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

குறுந்தொழில்களுக்கு இந்த விதிகளிலிருந்து விலக்கு உண்டு. 2025 ஏப்ரலில் மாறிய வரையறைப்படி 2.5 கோடி ரூபாய் வரை முதலீடும் 10 கோடி வரை விற்றுமுதலும் உள்ளவர் குறுந்தொழில். நம் சாலவாக்கத்துப் பையன் இந்த வேலிக்குள்தான் இருப்பான், தப்பித்தான் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலக்கு கொடுத்ததோடு அரசு அவனை மறந்துவிடுகிறது. வளர்ந்து வேலியைத் தாண்டுகிற அன்று, ஒரே நாளில் எல்லாம் தலையில் விழும். அதனாலேயே தாண்டாமல் இருக்க இரண்டு கம்பெனி பெயரில் பில் போடுகிறவர்கள் பெருகுவார்கள். பி.ஐ.எஸ். பதிவுக்கோ இப்படி விலக்கு கிடையாது. ஒரு துறைக்குக் கண்ணில் படாதவன், இன்னொரு துறைக்குக் குற்றவாளி.

பெரிய நிறுவனங்களின் பாடு வேறு மாதிரி. சான்றிதழ் விலை அடிமாட்டு விலைக்குப் போகிறது, முறையாகச் சுழற்றுகிறவருக்குக் கட்டுபடியாகவில்லை என்று, வாரியம் வீட்டு உபயோக மின்னணுப் பொருளுக்குக் கிலோவுக்குக் குறைந்தபட்சம் 22 ரூபாய் என்று நிர்ணயித்தது. டைக்கின், சாம்சங், எல்.ஜி., ஹேவல்ஸ், வோல்டாஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. சந்தை தீர்மானிக்க வேண்டிய விலையை அரசு நிர்ணயிக்கலாமா என்பது அவர்கள் வாதம். நான் இதில் அரசின் பக்கம். அடிவிலை இல்லாவிட்டால் ஜெயிப்பது போலிச் சான்றிதழ்தான், ஏனென்றால் அதைவிட மலிவாக எவராலும் மறுசுழற்சி செய்ய முடியாது. ஆனால் ஒன்று கேட்பேன். அந்த 22 ரூபாயில், தெருவில் பொருளைச் சேகரித்தவர் கைக்கு எவ்வளவு போகிறது?

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் முதல், நம் ஊரில் இந்த வேலையைச் செய்துவருவது காயலாங்கடை. கெட்டுப்போன மிக்ஸியும் டிவியும் அங்கேதான் போய்ச் சேரும். செம்பு தனி, அலுமினியம் தனி, போர்டு தனி. ஒயரை ஏரிக்கரையோரம் எரித்துச் செம்பு எடுப்பார்கள், அந்தப் புகை யார் வீட்டுக்குப் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. போர்டுகள் கைமாறிக் கைமாறி டெல்லி சீலம்பூருக்கோ உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்துக்கோ போய், அங்கே அமிலத்தில் குளிக்கும். 2023–24-இல் நாட்டில் 17.51 லட்சம் டன் மின்கழிவு உருவானதாக அரசின் கணக்கு சொல்கிறது. அந்தக் கழிவை முதலில் தொட்ட கையைப் பற்றி விதியில் எதுவும் இல்லை.

இன்னொன்றும் விதியில் இல்லை. சான்றிதழ் கணக்கு தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவை எவ்வளவு மீட்கப்பட்டன என்பதை வைத்துப் போடப்படுகிறது. விலை போகிற உலோகம் சான்றிதழ் இல்லாவிட்டாலும் மீட்கப்படும், காயலாங்கடை அதை நூற்றாண்டாகச் செய்கிறது. விலை போகாதது என்ன ஆகும்? 2006-க்குப் பிறகு தமிழக அரசு ஒன்றரைக் கோடி அளவுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சிகளைக் கொடுத்தது. எல்லாம் குழாய் டிவி. படக்குழாயின் கண்ணாடியிலேயே ஈயம் கலந்திருக்கும். 2011 முதல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. அந்த டிவிகள் எல்லாம் செத்து வெகுகாலம் ஆகிறது. செம்புச் சுருளை உருவிக்கொண்டு கண்ணாடியைக் குப்பைமேட்டில் உடைத்துப் போட்டார்கள். இந்தக் கண்ணாடியைக் கொண்டுபோய்ச் சேர்க்க எவருக்கும் ஒரு ரூபாய் லாபம் கிடையாது. பாதுகாக்க வேண்டிய இடத்தில் சான்றிதழ் ஊமையாகிவிடுகிறது.

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் குடவோலை நினைவுக்கு வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளில் தேர்தலைப் போலவே கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்ற வரிசையில் பொன் வாரியம் என்றும் ஒன்று. ஊருக்குள் புழங்கிய பொன்னின் தரத்தைக் கவனித்தது அதுதான். தரம் பார்க்கிற ஆள் ஊரிலேயே இருந்தார். கணக்குக் காட்டாதவரை மறுபடி வாரியத்துக்கு வராதபடி தடுக்கவும் விதி வைத்தார்கள். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தைய கதையை இன்றைக்கு அப்படியே ஒட்டவைக்க முடியாது, தெரியும். ஆனால் இன்று இதே வட்டத்திலிருந்து தரம் பார்க்க வேண்டும் என்றால் தரமணிக்கோ கிண்டிக்கோதான் போக வேண்டும்.

அமைவனத்தின் தென்மண்டல அலுவலகமும், ஒன்றிய அரசின் சமீர் மின்காந்தவியல் மையமும் தரமணியில். குறு, சிறு தொழில்களுக்கான ஒன்றிய அரசின் சோதனை மையம் கிண்டியில். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமையகமும் கிண்டியில். அமைவனம் தன் முத்திரைக் கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80 சதவீதம், சிறுதொழிலுக்கு 50 சதவீதம் சலுகை தருகிறது. தமிழக அரசின் கியூ-செர்ட் திட்டம் தரச்சான்றுக்குச் செலவழித்த பணத்தைத் திருப்பித் தருகிறது. எல்லாம் நல்லவைதான். ஆனால் கியூ-செர்ட், முதலில் நீ கையிலிருந்து போடு, பிறகு பில் கொண்டுவா என்கிறது. பட்டறைக்காரருக்குத் தட்டுப்பாடே அந்த முதல் பணம்தான். வட்டிக்கு வாங்கிச் சோதனைக் கட்டணம் கட்டி, தேறாமல் போனால் திருப்பித்தர எந்தத் திட்டமும் கிடையாது.

காஞ்சிபுரம் மாவட்டத் தொழில் மையத்தில், மாதத்தில் ஒரு குறித்த நாளில், இந்த அலுவலகத்து ஆட்கள் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். அடுத்த மாதம் வாலாஜாபாத்தில், அதற்கடுத்த மாதம் உத்திரமேரூரில். பட்டறைக்காரர் தன் பெட்டியைத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்து, ‘இதில் என்ன தேறாது?’ என்று கேட்க முடிய வேண்டும். அதற்குப் பதில் தமிழில் வர வேண்டும். சோதனைக்கு முந்தைய சோதனை என்று இதைச் சொல்லலாம். கட்டணத்தைப் பின்னால் திருப்பித் தருவதற்குப் பதில், முதல் தடவைக்கு அரசே சோதனைக்கூடத்துக்கு நேரடியாகக் கட்டிவிடலாம்.

இதைவிடப் பெரிய உதவி ஒன்று செய்யலாம். அரசு பாலிடெக்னிக்குகளும் சமீரும் சேர்ந்து, தரநிலையில் தேறுகிற ஓர் இன்வெர்ட்டர் போர்டின் வடிவமைப்பை உருவாக்கி, பாகப் பட்டியலோடு, மாற்றுப் பாகங்களோடு, ஈயமில்லாத சால்டருக்கான குறிப்போடு பொதுவில் வெளியிட வேண்டும். ‘மாஸ்ஃபெட் இது இல்லாவிட்டால் இது அல்லது இது’ என்று சோதித்துச் சொல்லிவிட்டால், ரிச்சி தெருவில் சனிக்கிழமை எழுகிற பிரச்சினையில் பாதி தீர்ந்தது. நெல் ரகத்தை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டு விவசாயிக்குக் கொடுப்பதை நாம் வேளாண்மையில் ஒப்புக்கொண்டுவிட்டோம். தொழிலில் மட்டும் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தோற்றுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

இவ்வளவு எதற்கு, சிறு பட்டறைகளை மூடிவிட்டால் போகிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொருள் சிறு பட்டறையில் மட்டும் இல்லை. 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்தில் அமேசான், ஃபிளிப்கார்ட் கிடங்குகளை அமைவனத்தின் சென்னைக் கிளை சோதனையிட்டபோது, சுமார் 36 லட்சம் ரூபாய் மதிப்புள்ள பொருட்கள் உரிய முத்திரை இல்லாமல் சிக்கின. மறுபக்கம், கட்டாயத் தர ஆணைகளே மிதமிஞ்சிப் போய்விட்டன என்ற குரலும் இருக்கிறது. 2014 வரை 106 பொருட்களுக்கு இருந்த கட்டாயம் 2025-இல் 750-ஐத் தாண்டியது; 2025 நவம்பரில் பிளாஸ்டிக் மூலப்பொருள், செயற்கை இழை சார்ந்த சில ஆணைகளை ஒன்றிய அரசே திரும்பப் பெற்றது. மூலப்பொருளில் தளர்த்துவது சரியாக இருக்கலாம். வீட்டுக்குள் 230 வோல்ட்டில் ஓடுகிற பெட்டியில் தளர்த்தக் கூடாது.

கடைசியாக, மாநில அரசின் கையிலேயே ஒரு சாவி இருக்கிறது. 2025–26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தார்கள். விதிப்படி லேப்டாப்பின் ஆயுளும் 5 வருடம்தான். இந்தப் பெட்டிகள் 2031 வாக்கில் காயலாங்கடைக்கு வரத் தொடங்கும். அப்போது ஒவ்வொரு வட்டத்திலும் அவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் இடம் எது, காயலாங்கடைக்காரருக்குப் பெட்டிக்கு எவ்வளவு, பேட்டரி எங்கே போகிறது என்பதை, பெட்டியை விற்கிற நிறுவனம் டெண்டர் கட்டத்திலேயே எழுதித் தர வேண்டும். இனி வாங்கப் போகிற ஒவ்வொரு பெட்டிக்கும் இதைக் கேட்டு வாங்கலாம். அதற்கு டெல்லியிலிருந்து எந்த அனுமதியும் தேவையில்லை.